மூடாமல் விட்ட சூடு

அன்புள்ள தம்பி அறிவது,

தந்தியைக் கண்டதும் நெஞ்சு பதறியிருப்பாய். எங்கள் வீடுகளுக்குத் தந்தி வந்தால் அது சாவுச் செய்திதான். ஒருவரும் சாகவில்லை. அம்மா சுகம், தங்கச்சி சுகம், உன் அப்பா நானும் உயிரோடுதான் இருக்கிறேன். விடுமுறைக்குப் பதுளைக்குச் சிநேகிதன் வீட்டுக்குப் போகப்போவதாக எழுதியிருந்தாய். இந்தக் கடிதம் வந்து சேர முன் நீ பேராதனையை விட்டுக் கிளம்பிவிடுவாயோ என்ற பயத்தில்தான் ‘கடிதம் வரும்வரை இடம்விட்டுப் போகாதே’ என்று தந்தியடித்தேன். இப்போது கிளிநொச்சித் தபாற்கந்தோர் வாங்குப் பலகையில் இருந்துகொண்டு எழுதுகிறேன். பின்னேர றெயிலுக்குத் தபால் பை கட்ட முன் இதை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். தபாலதிபர் கண்ணாடிக்கு மேலால் என்னை அடிக்கடி பார்க்கிறார். காலையில் தந்தியடித்த மனிசன் இன்னும் போகவில்லையே என்று யோசிக்கிறார் போலும்.

இந்த உறைக்குள் இன்னோர் உறை இருக்கிறது. மேலே உன் பெயர் தட்டெழுத்தில் இருக்கும். முதலில் அதை எடு. உள்ளே இருக்கும் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, விமானத் தபாலில் சேர்த்துவிட்டு வா. மிச்சத்தை அதற்குப் பிறகு வாசி. நான் சொல்லப்போவது எங்கேயும் ஓடிவிடாது. பன்னிரண்டு வருசம் காத்திருந்தது இன்னும் ஒரு மணித்தியாலம் காத்திருக்கும்.

அந்த உறையை உடைத்தது நான்தான். நீ சமயங்களை ஒப்பிட்டுப் படிக்கவும், அதிலும் யூதர் சமயத்தைத் தனியாக எடுத்துப் படிக்கவும் விண்ணப்பித்திருந்தாயே, அந்த இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் உன்னை ஏற்றுக்கொண்டிருக்கிறது. இரண்டு வருசப் படிப்பு, தங்க இடம், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. இந்த மாதம் முப்பத்தோராம் திகதிக்குள் உன் கையெழுத்து அங்கே போய்ச் சேர வேண்டும். கடிதம் எங்கள் வீட்டுக்கு வந்தது மூன்றாம் திகதி. இன்றைக்கு இருபத்தோராம் திகதி. இடையில் போன பதினெட்டு நாளும் அது எங்கே கிடந்தது என்று நீ கேட்பாய். விதைநெல் மூடைகளுக்கு நடுவில் கிடந்தது. எலி கடிக்காதபடி பிஸ்கற் தகரப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். ஒளிக்கிற வேலையை மட்டும் எவ்வளவு கவனமாகச் செய்திருக்கிறேன் பார்.

ஆங்கிலத்தில் என் பெயரை எழுத்துக் கூட்டத் தெரியுமே தவிர ஒரு கடிதத்தை வாசிக்க எனக்குத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். எங்கள் பள்ளிக்கூட வாத்தியாரிடம் கொண்டுபோனால் பொழுதுபட முன் குடியேற்றக் கிராமம் முழுவதும் கதை பரவிவிடும். ஏற்கெனவே கோயில் முகாமைக்காரர் ஒருநாள் வாய்க்கால் கரையில் வைத்து, “உம்மட பெடியன் வேதக்காரற்றை பழைய பாசை படிக்கிறானாம். பேரையும் மாத்திப்போட்டானோ?” என்று கேட்டிருந்தார். “அவன் படிக்கப் போனவன், மாறப் போகேல்லை” என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் அந்தக் கேள்வி எனக்குள்ளும் கிடந்தது. ஆகவே ஆறாம் திகதி பஸ் ஏறி முல்லைத்தீவுக்குப் போனேன். வருசா வருசம் எங்கள் நெல்லை வாங்க வருவாரே மீரா நானா, அவர் இளவயதில் கொழும்பில் ஒரு வெள்ளைக்காரக் கொம்பனியில் எழுதுவினைஞராக இருந்தவர். அவருடைய கடைக்குப் பின்பக்கம் இருந்து கடிதத்தை வாசிப்பித்தேன்.

அவர் ஆறுதலாக இரண்டு தரம் வாசித்தார். பிறகு தமிழில் சொன்னார். சொல்லி முடித்ததும் நான் கேட்ட கேள்வியை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. “நானா, யூதரெண்டால் உங்கட ஆக்களுக்கும் ஆகாதெல்லோ?” என்று கேட்டேன். அவர் ஓம் என்று தலையாட்டினால் போதும், அதையே பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம் என்று இருந்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “மூசா நபி ஆருட ஆள், அண்ணே? அவரப் பத்தி எங்கட குர்ஆன்ல எத்தின இடத்தில இருக்கு எண்டு தெரியுமா? உங்கட மகன் படிக்கத்தானே போறார். எங்கட மார்க்கத்தப் படிக்கப் போறன் எண்டு சொன்னாலும் இப்பிடித்தான் பஸ் ஏறிக்கொண்டு ஆரிட்டயாவது போவீங்களா?” என்றார். கடிதத்தை மடித்து என் கையில் தந்துவிட்டு, “இது உங்கட பேருக்கு வந்த கடிதம் இல்ல, அண்ணே. ஒளிச்சு வைக்காதீங்க” என்றார். நான் ஒளிக்கப்போவது என் முகத்தில் எழுதி ஒட்டியிருந்ததா தெரியவில்லை.

ஒளித்ததற்கு எனக்கு ஒரு நியாயம் இருந்தது. இந்தக் காணி நாங்கள் காடு வெட்டி, கட்டை பிடுங்கி, பாம்புக்கும் மலேரியாக் காய்ச்சலுக்கும் தப்பி உண்டாக்கிய காணி. ஆனாலும் அது அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் தந்தது. துண்டு போட முடியாது, விற்க முடியாது, எனக்குப் பிறகு யாருக்கு என்று ஒரேயொரு பெயர்தான் எழுதலாம். உன் பெயரை எழுதி வைத்திருக்கிறேன். மகன் பட்டம் பெற்று அரசாங்கக் கச்சேரியில் ஓர் உத்தியோகம் எடுப்பான், கிழமை முடிய வந்து வயலைப் பார்ப்பான் என்று ஒரு கணக்குப் போட்டிருந்தேன். இங்கிலாந்துக்குப் போய் ஆயிரக்கணக்கான வருசத்துக்கு முந்திய யூதருடைய நூல்களைப் படித்துவிட்டு வந்தால் எந்தக் கச்சேரியில் உனக்கு வேலை தருவார்கள்? இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லச் சொல்ல நியாயம் போலத்தான் இருந்தது. ஆனால் தம்பி, காணி ஒரு சாட்டு. நான் பயந்தது வேறொன்றுக்கு.

போன விடுமுறையில் நீ வந்திருந்தபோது குசினிக்குள் இருந்து சாப்பிட்டுக்கொண்டே அம்மாவுக்கு உன் படிப்பைப்பற்றிச் சொன்னாய், நினைவிருக்கிறதா? எபிரேயம் வலப்பக்கத்தில் இருந்து இடப்பக்கம் எழுதுகிற பாசை என்றாய். தங்கச்சி தண்ணீரில் விரலைத் தோய்த்துப் பலகையில் அப்படி எழுதிப் பார்த்தாள். பிறகு, “அம்மா, அவையளின்ரை புத்தகத்தில கடவுளின்ரை பேர் எழுதியிருக்கும். ஆனால் வாசிக்கேக்க அதைச் சொல்லமாட்டினம். அந்த இடம் வந்தவுடனை வேற ஒரு சொல்லைச் சொல்லிக் கடந்துபோவினம்” என்றாய். அம்மா, “எங்கட நெல்லுக் களத்தில போலயோ?” என்று கேட்டா. நீ சிரித்தாய். “ஓமம்மா. அதாலதான் எனக்கு இந்தப் படிப்பிலை ஆசை வந்தது. நான் சொன்ன ஒரு சொல்லாலதானே அந்த வருசம் எங்கட நெல் முழுக்க அழிஞ்சது. ஒரு சொல்லுக்கு அவ்வளவு சத்து எங்கையிருந்து வருகுதெண்டு அறியவேணும் போலை இருந்தது” என்றாய். நீ அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். ஆனால் நீ அதை நம்புகிறாய் என்று எனக்கு அந்த நிமிசத்தில் விளங்கியது. பட்டப்படிப்புப் படிக்கும் பிள்ளை, இருபத்திரண்டு வயது, இன்னும் அதை நம்புகிறான். பாதிச் சோற்றில் நான் எழும்பிக் கை கழுவியதை நீ கவனித்தாயோ தெரியாது. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு வெளியே போனேன்.

அந்த வருசத்தை நான் உனக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். உனக்குப் பத்து வயது. வெட்டிய கதிர்களையெல்லாம் போராக அடுக்கிச் சூடு வைத்திருந்தோம். அதில் கொஞ்சத்தைப் பிரித்துக் களத்தில் போட்டு மாடு விட்டு மிதித்துக்கொண்டிருந்தோம். களத்தின் வழக்கம் உனக்குத் தெரியும். செருப்போடு கால் வைக்கக்கூடாது, நெல்லைப் பொலி என்றுதான் சொல்ல வேண்டும், ‘இல்லை’ என்றோ ‘போதும்’ என்றோ ‘முடிந்தது’ என்றோ வாயில் வரக்கூடாது. முடிந்தால் ‘நிறைஞ்சுது’ என்போம். நீ தேத்தண்ணிக் கேத்திலைக் கொண்டுவந்து வரம்பில் வைத்துவிட்டு, மிதித்த நெல்லைப் பார்த்து, “அப்பா, எல்லாம் முடிஞ்சுதோ?” என்று கேட்டாய். மாட்டுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்த கணபதி அண்ணை நின்றுவிட்டார். பக்கத்துக் காணிக்காரர், களத்தில் எங்களுக்கெல்லாம் மூத்தவர், அவர் நின்றதும் எல்லோரும் நின்றார்கள். பிறகு அவரே, “பிள்ளைதானே. அறியாமல் சொல்லிப்போட்டுது. நடவுங்கோ” என்று தண்ணீர் எடுத்து நாலு மூலையிலும் தெளித்தார். காரியம் அதோடு சரியாகிவிட்டது. அன்றைக்கு நான் உன்னை ஏசக்கூட இல்லை.

அடுத்த நாள் காலையில் கணபதி அண்ணை வானத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: “கீழ்வானம் கறுத்திருக்கு. மிச்சச் சூட்டை வைக்கலாலை வடிவா மூடிப்போட்டு வேற வேலையைப் பாரும்.” ஓம் என்றேன். மூடவில்லை. அன்றைக்குப் பரந்தன் பக்கம் மாட்டுவண்டிச் சவாரிப் போட்டி. யாழ்ப்பாணத்தில் இருந்தெல்லாம் மாட்டுச் சோடிகள் வருவதாகக் கதை. இங்கே குடியேறி வந்த பிறகு நான் ஒரு சவாரியும் கண்டதில்லை. இரண்டு சோடி ஓடுவதைப் பார்த்துவிட்டு வந்து மத்தியானம் மூடலாம் என்று நினைத்தேன். அம்மாவிடம் காணிக் கந்தோருக்குப் போவதாகச் சொன்னேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவன் இரண்டு சோடியோடு திரும்பவில்லை. கடைசிச் சோடி ஓடும்வரை நின்றேன். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. மழை சவாரித் திடலிலேயே பிடித்தது. நனைந்து நனைந்து மிதித்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது சூடு ஊறிப் பெருத்துக் கிடந்தது. மழை நாலு நாள் விடவில்லை. ஐந்தாம் நாள் பிரித்துப் பார்த்தால் கதிரிலேயே நெல் முளைத்திருந்தது. அந்த வருசம் நாங்கள் குரக்கன் கூழ் குடித்துக் கிடந்தோம். அம்மாவின் தங்கக் காப்பு கைவிட்டுப் போனதும் அந்த வருசம்தான்.

முளைத்த கதிரைக் கையில் வைத்துக்கொண்டு நான் களத்தில் நின்றேன். சுற்றிவர எல்லோரும் நின்றார்கள். அம்மா அழுதுகொண்டு நின்றா. கணபதி அண்ணை என் முகத்தையே பார்த்தார். ‘மூடச் சொன்னேனே’ என்று அவர் வாயைத் திறக்க முன் ஏதாவது சொல்ல வேண்டும் என்ற அவசரம் எனக்கு. நீ அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உன்னை இழுத்து இரண்டு அறை அறைந்தேன். “இவன்ரை வாயாலைதான் எல்லாம் போச்சு. இனிமேல் நீ இந்தக் களத்துக்குள்ளை கால் வைக்கக்கூடாது” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். நீ அழவில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டாய். அடி விழாமல் இருக்கப் பொத்துகிறாய் என்று நினைத்தேன். இன்னொரு சொல் வெளியில் வந்துவிடாமல் இருக்கப் பொத்தியிருக்கிறாய் என்பது எனக்கு வெகுகாலம் பிந்தித்தான் விளங்கியது. அதற்குப் பிறகு நீ ஒரு வருசம் மட்டில் வீட்டிலும் அளந்து அளந்துதான் கதைத்தாய். சூடு மிதிக்கும் நாட்களில் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வரம்பில் வைத்துவிட்டு, களத்தைப் பார்க்காமல் திரும்பிப் போய்விடுவாய். பேராதனைக்குப் போகும் வருசம் வரைக்கும் அப்படித்தான். ஒருநாளாவது ‘வா’ என்று நான் கூப்பிடவில்லை.

இதுதான் தம்பி, நான் பயந்தது. இங்கிலாந்தில் உன்னைவிடப் பெரிய படிப்பாளிகள் இருப்பார்கள். ‘இந்தப் படிப்புக்கு ஏன் வந்தாய்’ என்று கேட்பார்கள். நீ களத்துக் கதையைச் சொல்வாய். அவர்களில் ஒருவர், ‘அன்றைக்குச் சூட்டை மூடியிருந்ததா?’ என்று கேட்டுவிட்டால்? அந்த ஒரு கேள்வி போதும். உன்னை இங்கேயே வைத்திருந்தால் அதைக் கேட்க ஆள் இருக்காது என்று எண்ணிவிட்டேன். ஒரு மகனின் படிப்பைப் பிஸ்கற் தகரத்துக்குள் போட்டு மூடினேன். மூட வேண்டிய அன்றைக்கு மூடவில்லை.

நேற்றுக் காலையில் இந்த வருசச் சூடு வைத்து முடித்தோம். கணபதி அண்ணை இப்போது தடி ஊன்றித்தான் வருகிறார். அவர் வானத்தைப் பார்த்துவிட்டு, “மேகம் ஒரு மாதிரி இருக்கு. மூடிவிடும்” என்றார். பன்னிரண்டு வருசமாக அவர் சொல்லாமலே நான் மூடிவிடுவேன், நேற்றுத்தான் கொஞ்சம் பிந்திவிட்டது. வைக்கலை அள்ளிப் போடத் தொடங்கினேன். அப்படியே போட்டுவிட்டு அவருக்கு முன்னால் போய் நின்று, சவாரிக்குப் போனதையும் மூடாமல் விட்டதையும் உன்மேல் பழி போட்டதையும் சொன்னேன். வேலைக்கு நின்ற எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னேன். பழி போட்டதும் எல்லோருக்கும் கேட்கத்தானே. அவர் என்னைக் கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் சூட்டைப் பார்த்துக்கொண்டே, “அது எங்களுக்கு அண்டைக்கே தெரியுமெல்லோ. திடலிலை உம்மை என்ரை மச்சான் கண்டவன்” என்றார்.

“பிறகேன் அண்ணை ஒருத்தரும் சொல்லேல்லை?” என்று கேட்டேன்.

“பெத்த தேப்பன் பிள்ளையிலை பழியைப் போட்டுக்கொண்டு நிக்கேக்க, பக்கத்து வளவுக்காரன் என்னத்தைச் சொல்லுறது? நீராய்ச் சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். கனகாலம் எடுத்துப்போட்டீர்.”

ஆகவே தம்பி, எல்லோருக்கும் தெரியும். களத்தில் நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும். உனக்கு மட்டும்தான் தெரியாது.

சூட்டை மூடிவிட்டு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சவாரியையும் சொன்னேன், கடிதத்தையும் சொன்னேன். அவ உள்ளே போய்த் தானே மூடைகளை இழுத்துத் தள்ளித் தகரத்தை வெளியே எடுத்தா. அதைச் சேலையால் துடைத்து என் மடியில் வைத்துவிட்டு, “விடிய முதல் பஸ்ஸிலை போங்கோ. பிள்ளைக்குத் தந்தியடியுங்கோ, இதை அனுப்புங்கோ. அதுக்குப் பிறகு என்னோடை கதையுங்கோ” என்றா. காணிக்கு என்ன செய்வது என்று கேட்டதற்கு மட்டும் வாய் திறந்தா. “மகளின்ரை பேரைப் போடுங்கோ. உங்களைவிட இவள் வடிவா வரம்பு கட்டுவாள். மழைக் குணம் கண்டால் சூட்டையும் மூடுவாள்.” தங்கச்சி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சம்மதம் என்று முகத்திலேயே தெரிந்தது. உன் பெயரை வெட்ட வேண்டுமானால் உன் சம்மதமும் வேண்டும். காணியில் உனக்கு விருப்பம் இருந்தால் அதையும் எழுது, வைத்திருப்போம். ஆனால் காணிக்காக நின்றுவிடாதே.

போகிற பிள்ளைக்குத் தகப்பன் புத்தி சொல்வது வழக்கம். எனக்கு அந்த வாய் இப்போது இல்லை, என்றாலும் இரண்டொன்று சொல்கிறேன். அந்த யூத மனிசருடைய கோயிலுக்குள் போகும்போது எங்கள் களத்துக்குள் போகிற மாதிரிப் போ. எங்கே கால் வைக்கலாம், எதைச் சொல்லக்கூடாது என்று முதலில் கேட்டுக்கொள். ‘இது எங்கள் ஊரிலும் உண்டு’ என்று அவசரப்பட்டுச் சொல்லாதே. இருந்தாலும் இருக்கும், கொஞ்சக்காலம் பார்த்த பிறகு சொல். தெரியாததைத் தெரியாது என்று சொல். விபூதி ஒரு பொட்டலம் அம்மா வைத்திருக்கிறா. பூசினாலும் பூசாவிட்டாலும் பெட்டிக்குள் இருக்கட்டும். மாறிவிடுவாயோ என்று ஊர் கேட்டால் இனிமேல் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். அவர்கள் ஏன் அந்தப் பெயரைச் சொல்வதில்லை என்பதை நீ நன்றாகப் படி. அது பெரிய விசயமாகத்தான் இருக்கும், நீ மதிக்கத் தகுந்ததாகவும் இருக்கும். ஆனால் உன் வாயால் ஒரு நெல்மணியும் அழியவில்லை. பத்து வயதுப் பிள்ளை தகப்பனிடம் கேட்ட கேள்வி அது, வேறொன்றும் இல்லை. அதற்கு நான் அன்றைக்கே ‘நிறைஞ்சுது அப்பன்’ என்று பதில் சொல்லியிருக்க வேண்டும்.

தபாலதிபர் பையைக் கட்டப்போவதாகச் சொல்கிறார். இது உன் கைக்கு வர இருபத்துமூன்றாம் திகதியாகும். அங்கிருந்து விமானத் தபால் போக ஏழு நாள் என்கிறார், சிலவேளை எட்டு நாளும் எடுக்குமாம். கணக்கு மட்டுமட்டாகத்தான் இருக்கிறது. பிந்திவிடவும் கூடும். பிந்தினால் நீ எனக்கு என்ன எழுதுவாய் என்று எனக்குத் தெரியும். ‘பரவாயில்லை அப்பா, எனக்குக் கொடுத்து வைக்கவில்லை’ என்று எழுதுவாய். உன் குணம் அது. தம்பி, அப்படி எழுதாதே. மழை பெய்தது என்று எழுதாதே. அப்பா மூடவில்லை என்று எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா